விடையைப் படிக்கும் கல்வி

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி வேண்டும் என்று இந்த அவைக்கு எடுத்துரைக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. பட்டமும் பட்டயமும் பெற்ற நம் பிள்ளைகள் இன்று இவ்வரங்கின் பல வரிசைகளை நிறைத்து அமர்ந்திருக்கிறார்கள். ஆதலின், கற்றதை எவ்வாறு கையாள வேண்டும் என்னும் வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறேன். அதனைப் பொதுப்படப் பேசாமல், பொறியியலின் ஒரு குறிப்பிட்ட பணியை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். கணிப்பொறி தன் கணக்கைப் போட்டு முடித்த பின்னர், அக்கணக்கின் விடையை மனிதன் படித்தறியும் பணி அது. அதற்குப் பின்செயலாக்கம் என்று பெயர்.

நான் கலைப் பட்டதாரி. இச்சங்கத்தின் துணையால் பயின்று, இன்று எந்திரப் பொறியாளராகப் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற கோடை விடுமுறையில் மாலைதோறும் வந்து இதனை எனக்கு விளக்கினார். அவரிடம் கேட்டறிந்ததையும், அதன்பின் நான் படித்தறிந்ததையும் என் வகுப்பறை மொழியில் உங்கள் முன் வைக்கிறேன்.

சுழலும் எந்திரங்கள்

நம் வீட்டு மின்விசிறி, கிணற்றில் நீரிறைக்கும் பம்பு, விமான எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர், மின்நிலையத்தில் சுழலும் டர்பைன் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றில் இறக்கைகள் சுழல்கின்றன. அவற்றினூடே நீரோ காற்றோ நீராவியோ பாய்கிறது. பாயும் இப்பொருள்களைப் பொதுவாகப் பாய்மம் என்கிறோம். விசிறியும் பம்பும் கம்ப்ரசரும் பாய்மத்திற்கு ஆற்றலைக் கொடுக்கின்றன. டர்பைனோ பாய்மத்திடமிருந்து ஆற்றலைப் பெற்று நமக்குத் தருகிறது.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் பணியாற்றியபோது, மின்னாற்றலும் நீர்வளமும் பற்றிய திட்டமிடல் அவர் துறையின் பொறுப்பிலேயே இருந்தது. ஒரு டர்பைனின் செயல்திறன் நூற்றில் ஒரு பங்கு உயர்ந்தாலும், அது இயங்கும் ஆண்டுகள் முழுவதும் எரிபொருள் மிச்சமாகிறது. ஆகவே, இறக்கையின் வளைவு எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பொருள் அடங்கிய வினாவாகும்.

முற்காலத்தில் ஒவ்வொரு வடிவத்தையும் செய்து பார்த்தே சோதிக்க வேண்டியிருந்தது. இன்று முதற்கட்டச் சோதனையின் பெரும்பகுதி கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. பாய்மம் எவ்வாறு ஓடும் என்பதற்கான சமன்பாடுகளை, பிரான்சு நாட்டு நேவியரும் இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டோக்ஸும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டனர். ஆயினும் மிக எளிய நிலைகளுக்கன்றி அவற்றிற்கு நேரான விடை காண இயலவில்லை. எனவே, பாயும் இடத்தை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். ஒரு வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியேறியது என்று கணக்கெழுதுவது போன்றது இது.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாளின் வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை. அவர் அந்த விடையை மறைக்கவில்லை. 1922-இல் தாம் வெளியிட்ட நூலில் அதனை உள்ளவாறே அச்சிட்டார். கணக்கின் விடையை உலகின் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மை, இத்துறையின் தொட்டிலிலேயே இருந்தது என்பதை இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

எண்களின் குவியல்

பத்து இலட்சம் கட்டங்கள் கொண்ட ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் ஒன்று, வெப்பநிலை ஒன்று, மூன்று திசைகளிலான வேகங்கள் மூன்று என ஐந்து எண்களேனும் இருக்கும். ஆக ஐம்பது இலட்சம் எண்கள். பக்கத்திற்கு 500 எண்களாக அச்சிட்டால் 10,000 பக்கங்கள் வரும். அவ்வளவையும் படித்துப் பொருள் காணவல்லார் எவரும் இலர். அந்தக் குவியலிலிருந்து படங்களையும் வரைகோடுகளையும் ஒரு சில முதன்மையான எண்களையும் பிரித்தெடுப்பதே பின்செயலாக்கம். நெல்லை அறுத்துக் களத்தில் சேர்த்தால் மட்டும் உலை கொதித்துவிடாது; அடித்துத் தூற்றிப் பதரை நீக்க வேண்டும். கணிப்பொறி செய்வது அறுவடை. தூற்றுவது மனிதன் பணி.

அப்பணியில் இறங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு.

முதல் வினா: கணக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டதா? கணிப்பொறி ஒரே தாவலில் விடைக்குச் செல்வதில்லை. ஒரு விடையை உத்தேசித்து, அதனைத் திருத்தித் திருத்தி முன்னேறுகிறது. திருத்தத்தின் அளவு போதிய அளவு குறைந்த பின்னரே விடை நிலைபெறும். இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வினாடிக்கு 20 கிலோகிராம் காற்று உள்ளே சென்றதாயின், வெளியேயும் 20 கிலோகிராம் வர வேண்டும். 19 தான் வந்தது என்று விடை காட்டினால், ஒரு கிலோகிராம் காற்று கணக்கிற்குள்ளேயே காணாமற் போயிற்று என்பது பொருள். அந்த விடையிலிருந்து எத்துணை அழகிய படம் வரைந்தாலும் பயனில்லை. கட்டங்களை இன்னும் நுண்ணியவாக்கி மறுபடியும் கணக்கிட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது. கட்டத்தை மாற்றும்போதெல்லாம் விடையும் மாறினால், அது பாய்மத்தைப் பற்றிய விடையன்று. கட்டத்தைப் பற்றிய விடையே ஆகும்.

இரண்டாம் வினா: சராசரி எப்படி எடுக்கப்பட்டது? இதற்கு நம் பள்ளிக் கணக்கையே சான்றாகக் கூறுவேன். ஒரு வகுப்பில் 60 மாணவர். சராசரி மதிப்பெண் 40. இன்னொரு வகுப்பில் 20 மாணவர், சராசரி 80. இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60 வரும். ஆனால், 80 மாணவரின் மதிப்பெண்களையும் கூட்டினால் 4,000. சராசரி 50 தான். பள்ளியின் நிலை 60 என்று சொல்பவர் பொய் எண் எதனையும் கூறவில்லை. எனினும் உண்மையைக் கூறவில்லை. இறக்கைகளுக்குப் பின்னால் வரும் காற்றும் இத்தகையதே. சில இடங்களில் அது விரைந்து செல்லும்; இறக்கையின் பின்னிழலில் தயங்கித் தயங்கிச் செல்லும். விரைந்து செல்லும் இடத்தின் வழியே மிகுதியான காற்றும், தயங்கும் இடத்தின் வழியே குறைவான காற்றும் கடக்கின்றன. பரப்பளவை மட்டும் கொண்டு சராசரி எடுப்பது ஒரு முறை. எவ்வளவு காற்று கடந்தது என்பதையும் சேர்த்து எடுப்பது வேறொரு முறை. இரண்டும் இரு வேறு செயல்திறனைக் காட்டும். இன்ன முறையில் எடுத்தேன் என்று கூறாத சராசரியை ஏற்றல் தகாது.

மூன்றாம் வினா: எங்கிருந்து பார்க்கிறோம்? மழை நேராகப் பெய்தாலும், ஓடும் பேருந்தின் சன்னல் வழியே பார்ப்பவர்க்குச் சாய்வாகவே தோன்றும். தரையில் நின்று காணும் காற்றின் வேகம் வேறு. சுழலும் இறக்கையின்மேல் அமர்ந்து காணும் வேகம் வேறு. இறக்கையின் முனையில் காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதை அறிய, இறக்கையோடு சுழன்றபடி காண வேண்டும். வெளியேறிய காற்று எங்கே செல்கிறது என்பதை அறியத் தரையில் நின்று காண வேண்டும். எந்த நிலையிலிருந்து வரைந்த படம் என்று குறிப்பிடாத படம், பாதிச் செய்தியே ஆகும்.

நான்காம் வினா: இவ்வண்ணங்களின் பொருள் என்ன? இவ்விடைகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல வண்ணங்களில் வரைந்து காட்டுவது வழக்கம். கண்ணைக் கவரும் படங்கள் அவை. ஆனால் வண்ணத்தைத் தேர்ந்தவர் மனிதர். 300 முதல் 310 வரையுள்ள வெப்பநிலைக்கு நீலம் முதல் சிவப்பு வரை வண்ணம் ஒதுக்கினால், பத்துப் பாகை வேறுபாடும் பெருந்தீ போலத் தோன்றும். அதே விடையை 300 முதல் 600 வரையுள்ள அளவுகோலில் வரைந்தால், படம் முழுதும் நீலமாக அமைதி காட்டும். எண்கள் மாறவில்லை, தோற்றம் மட்டுமே மாறியது. ஆகவே படத்தைக் காணுமுன் அதன் ஓரத்திலுள்ள அளவுகோலைக் காணும் பழக்கம் வேண்டும்.

ஐந்தாம் வினாவே தலையாயது: அளந்து பார்த்த உண்மையோடு இவ்விடை பொருந்துகிறதா? இதனை விளக்க, உலகறிந்த ஒரு சோதனையின் வரலாற்றை விரிவாகக் கூறுகிறேன்.

ரோட்டார் 37

அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில் நாசா நிறுவனத்தின் லூயிஸ் ஆய்வு மையம் இருந்தது. 1999 முதல் அது கிளென் ஆய்வு மையம் என்று வழங்கப்படுகிறது. அங்கே 1970-களில், விமான எஞ்சின்களுக்கான கம்ப்ரசர் ஆய்வில் ஒரு சுழல் சக்கரம் வடிவமைக்கப்பட்டது. அதன் பெயர் ரோட்டார் 37. லோனி ரீடு, ராய்ஸ் மூர் என்னும் இருவர் அதைப் பற்றிய அறிக்கையை 1978-இல் வெளியிட்டனர்.

அதன் குறுக்களவு ஏறத்தாழ அரை மீட்டர். 36 இறக்கைகள். நிமிடத்திற்கு ஏறத்தாழ 17,189 சுற்றுகள். அதாவது வினாடிக்கு 286-க்கும் மேல். இறக்கையின் நுனி வினாடிக்கு 454 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒலியின் வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஒலியை முந்தும் அவ்வேகத்தால் இறக்கைகளுக்கிடையே அதிர்ச்சி அலைகள் தோன்றுகின்றன. வினாடிக்கு 20.19 கிலோகிராம் காற்றை உட்கொண்டு, அதன் அழுத்தத்தை 2.106 மடங்காக உயர்த்த வேண்டும் என்பது வடிவமைப்பு.

பின்னர் இச்சக்கரத்தைத் தனியே சுழலவிட்டு, லேசர் ஒளியைக் கொண்டும் அளந்தார்கள். காற்றில் நுண்துகள்களைத் தூவி, அவற்றின்மேல் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு வேகத்தை அளக்கும் முறை அது. கருவியை உள்ளே நுழைத்துக் காற்றின் போக்கைக் கெடுக்காமல் அளக்க இம்முறை உதவிற்று.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் பன்னாட்டு எரிவளி டர்பைன் கழகம் ஒரு தேர்வு வைத்தது. கணக்கிடும் முறைகளுக்கு வைத்த தேர்வு என்றே அதனைக் கூறலாம். ரோட்டார் 37-இன் வடிவமும், சுழலும் வேகமும், உட்செல்லும் காற்றின் நிலையும் எல்லோருக்கும் தரப்பட்டன. அளந்து கண்ட விடைகள் மட்டும் மறைத்து வைக்கப்பட்டன. பங்கேற்றோர் தத்தம் முறைப்படி கணக்கிட்டு விடைகளை அனுப்பினர். பின்னர் உறை பிரிக்கப்பட்டது.

ஒரே சக்கரம், ஒரே வேகம், ஒரே காற்று. ஆயினும் விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. அழுத்தம் உயர்ந்த அளவிலும் செயல்திறனிலும் அவ்வேறுபாடு வெளிப்பட்டது. செயல்திறன் என்பது எத்துணை நுட்பமான எண் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 288 கெல்வின் வெப்பநிலையில் நுழையும் காற்றை, எவ்வித இழப்புமின்றி 2.106 மடங்கு அழுத்தினால், வெப்பநிலை ஏறத்தாழ 68.3 கெல்வின் உயரும். இழப்புகள் இருப்பதால் வடிவமைப்பின்படி ஏறத்தாழ 77.8 கெல்வின் உயர்கிறது. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் செயல்திறன் நூற்றுக்கு 87.8. உயர்வு 78.8 என்று ஒரே ஒரு கெல்வின் பிழைபட்டால், செயல்திறன் 86.7 ஆகிவிடும். ஒரு கெல்வின் பிழை, செயல்திறனில் ஒரு பங்கிற்கும் மேலான பிழையாகிறது. அந்த ஒரு பங்கிற்காகவே பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். எனவே அளப்பவரும் கணக்கிடுபவரும் ஒருங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் வியப்பான செய்தி வேறொன்று. நம் மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருப்பதுபோல, இச்சுழல் சக்கரத்திற்கும் நடுப்பகுதி உண்டு. இறக்கைகள் அதிலிருந்தே முளைத்து நிற்கின்றன. அந்தக் குடத்தை ஒட்டிய பகுதியில், வெளியேறும் காற்றின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பதாக அளவைகள் காட்டின. கணக்குகளோ பொதுவாக அக்குறைவைக் காட்டத் தவறின. கணக்குத் தவறா, அளவை தவறா என்ற வினா எழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜான் டென்டன், இத்தேர்வு தந்த பாடங்களை 1997-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

அதே ஆண்டில் ஆய்வாளர் சிலர் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். சோதனைக் கருவியில், நிலையாக நிற்கும் பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் நடுவே, குடத்தின்மீது ஒரு சிறிய இடைவெளி இருந்தது. சுழலும் பொருளையும் நிற்கும் பொருளையும் ஒட்டவைக்க முடியாதாகையால் அவ்விடைவெளி தவிர்க்க முடியாதது. கணக்கிட்டோருக்குத் தரப்பட்ட வடிவத்தில் அவ்விடைவெளி இல்லை. குடம் வழவழப்பான ஒரே பரப்பாகக் கொள்ளப்பட்டிருந்தது. அந்த இடைவெளியின் வழியே மொத்தக் காற்றில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவான காற்று கசிந்து வருவதாகக் கொண்டு கணக்கிட்டபோது, அளவையில் கண்ட அழுத்தக் குறைவு கணக்கிலும் தோன்றியது. குடத்திற்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள மூலையில் காற்று பிரிந்து தேங்குவதே காரணம் என்று வேறு சிலர் வாதிட்டதும் உண்டு. அறிவியலில் இத்தகைய வாதம் இயல்பானதே. எனினும் ஒன்று தெளிவாயிற்று. நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவானது என்று கணக்கில் சேர்க்காமல் விட்ட ஒன்று, முழு விடையையும் மாற்ற வல்லது.

அன்பர்களே, கணக்கில் சேர்க்கப்படாதவர்கள் என்பதன் பொருளை நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை. எந்த விடையைக் கண்டாலும், இதில் எது விடப்பட்டது என்று கேட்பது நமக்குப் பிறவியிலேயே வந்த அறிவு. அந்த அறிவை நம் பிள்ளைகள் தொழிற்கூடத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இளைஞர்களுக்கு

கணிப்பொறியில் பொத்தானை அழுத்தத் தெரிந்தவரைப் பொறியாளர் என்று கருதும் போக்கு இன்று பரவி வருகிறது. பொத்தானை அழுத்தும் பணியை நாளை எந்திரமே செய்துகொள்ளும். விடையைப் படித்து, இது பொருந்தாது, இன்ன காரணத்தால் பொருந்தாது என்று அச்சமின்றி எடுத்துரைப்பவரே எக்காலத்தும் வேண்டப்படுவார். அத்துணிவு, கணிதத்திலும் இயற்பியலிலும் ஆழக் கால் ஊன்றியவர்க்கே வரும். அறிவுடைமை என்னும் அதிகாரத்தை என்னிடம் மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவர்களுக்கு இதனை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமல் இதனைப் பயில முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பாய்மக் கணக்கிடுவதற்கான ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருள் 2004 முதல் யாவரும் கட்டணமின்றிப் பெறும் வகையில் கிடைக்கிறது. விடைகளைப் படமாக்கிப் பார்ப்பதற்குப் பாராவியூ என்னும் மென்பொருளும் அவ்வாறே கிடைக்கிறது. ரோட்டார் 37-இன் வடிவமும் அளவைகளும் வெளியிடப்பட்ட அறிக்கைகளில் உள்ளன. கிளீவ்லாந்தில் அளந்ததை, நம் தெருவில் பிறந்த மாணவன் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க எவருடைய இசைவும் தேவையில்லை. முதலில் ஒரு நேரான குழாயில் ஓடும் நீரைக் கணக்கிடுங்கள். அதற்குப் புத்தகத்திலேயே நேரான விடை உண்டு. அதனோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒற்றை இறக்கை. பிறகு சுழலும் சக்கரம். ஒவ்வொரு படியிலும் மேற்கூறிய ஐந்து வினாக்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி விடையளியுங்கள்.

சங்கத்தார்க்கு

சங்கத்தின் பெரியோர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. ஒன்று, வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பதோடு நில்லாமல், சங்கக் கட்டடத்தில் நான்கு நல்ல கணிப்பொறிகள் கொண்ட ஓர் அறையை அமையுங்கள். பொறியியல் பயிலும் மாணவர் விடுமுறை நாள்களில் அங்கே அமர்ந்து பயிலட்டும். வேலையிலுள்ள நம் பொறியாளர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்காக ஒதுக்கட்டும். இரண்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் மாலை வகுப்பு நடத்துங்கள். கல்லூரிக்குச் சென்றபின் சமன்பாட்டைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகளுள் பலர், பள்ளியிலேயே கணிதத்தில் கைவிடப்பட்டவர்கள். அந்த வகுப்பில் பாடம் நடத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின்னும் வருவேன்.

இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் நம் பிள்ளைகளை விடை எழுதுபவர்களாக ஆக்கியிருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் விடைகளைச் சோதிப்பவர்களாக உயர வேண்டும். பொன் விழா மேடையில், கணக்கில் விடுபட்ட ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்த நம் பிள்ளை ஒருவர் இந்த ஒலிபெருக்கியின் முன் நின்று பேச வேண்டும். அதற்கான பணியை இன்றே தொடங்குவோம்.